இடப்பக்கத்துக் காலடி

கலைக்கூடத்தில் அவளுக்குப் பாம்புச்செவி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் அதை ஒரு பட்டம் மாதிரி சூடிக்கொண்டு நடந்தாள். கண்ணைக் கட்டிவிட்டு அறையின் எந்த மூலையில் சாவிக்கொத்தைக் குலுக்கினாலும் அவள் விரல் நேராகச் சாவியைக் காட்டும். கொசு வந்தால் அது யார் மேல் உட்காரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள் என்று அவள் தம்பி பார்க்கிறவர்களிடமெல்லாம் அளந்துவிடுவான். அதில் பாதியாவது உண்மை.

ஒரு சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது கேட்கிறவரை என்ன செய்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. முன்னால் கேட்கும் இருமல் வெறும் இருமல். அதே இருமல் பிடரிக்குப் பின்னால் கேட்டால் முதுகு சில்லிடும். தலைக்கு மேலே ஒரு நாற்காலி நகரும் ஓசையை வைத்துவிட்டால் போதும், மாடியே இல்லாத கட்டடத்தில்கூட மேல்வீட்டுக்காரர் ஒருவர் முளைத்துவிடுவார். கலைக்கூடத்தின் வட்ட அறையில் காது உயரத்தில் ஒரு வளையம், கூரையில் இன்னொரு வளையம் என்று ஸ்பீக்கர்களை மாட்டியிருந்தாள். நடுவில் சுழல் நாற்காலிகள். விளக்கை அணைத்துவிட்டு, வருகிறவர்கள் கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, சத்தம் வரும் பக்கம் நீட்டச் சொல்வாள். யாருக்கு எது எங்கே கேட்கிறது, எங்கே ஏமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, அதிலிருந்து தன் இசையைக் கட்டினாள்.

அப்படி வளர்ந்ததுதான் ‘வீடு மாற்றம்’. ஒரு குடும்பம் வாடகை வீட்டைக் காலி செய்கிறது. காட்சி எதுவும் கிடையாது, இருட்டும் ஓசையும்தான். பீரோவை இழுக்கிறார்கள், பாயைச் சுருட்டுகிறார்கள், சமையலறையில் பாத்திரங்களை மூட்டை கட்டுகிறார்கள். சாமான் வெளியே போகப் போக அறையின் எதிரொலி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வரும். கடைசியில் யாரோ ஒருவர் ரப்பர் செருப்போடு இடப்பக்கப் பின்மூலையிலிருந்து நடந்து வந்து, கேட்பவரின் முதுகுக்குப் பின்னால் கடந்து, வலத் தோளருகே நின்று ஒரு பெருமூச்சு விடுவார். முடிந்தது. ஒத்திகைக்கு வந்த ஒன்றிரண்டு பேர் அந்த மூச்சில் அழுதிருக்கிறார்கள். செருப்பும் மூச்சும் அவள் கணவருடையவை. அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். இத்தனை நாள் பிள்ளைகள் தன் விசிலுக்கு ஓடினார்கள், இப்போது பெரியவர்கள் தன் செருப்புக்கு அழுகிறார்கள் என்று சாப்பிடும்போதெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

வயர் இழுப்பது, ஓசைகளைக் கணினியில் இங்கிருந்து அங்கே நகர்த்துவது, கூரைமேல் ஏறித் தொங்குவது எல்லாம் தம்பி. தொலைபேசி நிறுவனத்தில் நல்ல வேலையில் இருந்தவன், அக்காவோடு ஒரு வருஷம் இருந்து பார்க்கிறேன் என்று வேலையை விட்டுவிட்டு வந்து, அவர்கள் வீட்டு மாடியறையில் தங்கியிருந்தான். அக்காவின் காது சொன்னால் அவனுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. கருவி ஒன்று சொல்லி அக்கா வேறொன்று சொன்னால் கருவியைத்தான் சந்தேகப்படுவான்.

அரங்கேற்றத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ஒரு காலையில் எழுந்தவளுக்கு இடது காதில் பஞ்சை அடைத்தாற்போல் இருந்தது. குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்துக் குதித்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. உள்ளே மட்டும் தூரத்தில் ஏதோ மோட்டார் ஓடுவதுபோல் ஒரு ஊங்காரம். சளியாக இருக்கும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று விட்டாள். மறுநாளும் அப்படியே சொல்லிக்கொண்டாள். ஒத்திகை, கூட்டம், மறுபடி ஒத்திகை என்று ஓடிக்கொண்டிருந்ததில் மருத்துவரிடம் போக நேரமில்லை என்று தனக்குத் தானே ஒரு நியாயம் வைத்திருந்தாள். உண்மையில் அவளுக்குப் பயம்.

கடைசியில் போனபோது, காது மருத்துவர் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துச் சோதித்தார். வெளியே வந்ததும் அவர் சுற்றி வளைக்கவில்லை. காதின் நரம்பு திடீரென்று செத்துவிட்டது, இது சிலருக்கு வரும், காரணம் தெரியாது, உடனே வந்திருந்தால் மீட்க வாய்ப்பு அதிகம், இப்போது மாத்திரை தருகிறேன், பெரிதாக நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். அவள் அலுவலக வேலை என்று சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நாக்கில் வந்துவிட்டது.

படியிறங்கும்போது தபால்காரர் ஞாபகம் வந்தது. போன மழைக்காலத்தில் சோதனைக்கு வந்த ஒரு நடுத்தர வயதுக்காரர். எந்தப் பக்கம் ஓசை வைத்தாலும் குச்சியை வலப்பக்கமே நீட்டினார். பிறகுதான் தயங்கித் தயங்கிச் சொன்னார், ஒரு காது கேட்காது, ஆனாலும் வரலாமென்று நினைத்தேன் என்று. அவள் நன்றி சொல்லி அனுப்பிவிட்டாள். அவர் கதவைத் தாண்டினாரோ இல்லையோ, ‘இவரை நம்பிப் பின்னால வர்ற பஸ்ஸுக்குக்கூட வழிவிட முடியாது’ என்று சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் உண்மையிலேயே கதவைத் தாண்டியிருந்தாரா, படிக்கட்டில்தான் இருந்தாரா என்று இப்போது, மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யோசித்தாள். முகம் சுட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. சமையல்காரிக்கு நாக்கு செத்துவிட்டது என்று தெரிந்தால் யார் இலை முன் உட்காருவார்கள்? அரங்கேற்றம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தை நடத்தத் தீர்மானித்தாள். எந்தப் பக்கத்துக் காது என்பதுதான் சிக்கல்.

உலகம் முழுக்க வலப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. தெருவில் ஹாரன் அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நட்டநடுவில் நின்றாள். கலைக்கூடத்தில் யாராவது கூப்பிட்டால் ஒரு சுற்றுச் சுற்றித் தேடினாள். யோசனையில் இருந்ததுபோல் நடித்துச் சமாளித்தாள். ஒத்திகையில் கண்ணை மூடிக் கேட்கிற பாவனையில் இருந்துகொண்டு, அரைக்கண்ணால் கணினித் திரையில் எந்த ஸ்பீக்கரின் பச்சைக் கோடு துள்ளுகிறது என்று பார்த்தாள். ‘மூணாவது கொஞ்சம் முன்னாடி வருது’ என்று சொல்வாள். தம்பி தலையை ஆட்டிக்கொண்டு மூன்றாவதைக் குறைப்பான். பாம்புச்செவி என்று யாரோ வியந்து சொல்லும்போது திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

இதற்கிடையே கலைக்கூட இயக்குநர் ஒரு சேதி கொண்டுவந்தார். நரைமுடியைக் கட்டையாக வெட்டிய, சத்தமே போடாமல் காரியம் சாதிக்கிற பெண்மணி, எல்லோருக்கும் மேடம். வெளிநாட்டுக் கலைவிழா ஒன்றை நடத்துகிறவர்கள் இரண்டு பேர் இந்தப் பக்கம் வருகிறார்கள், ‘வீடு மாற்றம்’ கேட்க ஆசைப்படுகிறார்கள், பிடித்தால் தங்கள் விழாவுக்கு அழைப்பார்கள் என்றார். தம்பி அன்று வட்ட அறையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினான்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், தம்பி சாப்பிடப் போயிருந்தபோது, அவள் தனியே உட்கார்ந்து கடைசிப் பகுதியைப் போட்டுக் கேட்டாள். காலடிகள் இடமிருந்து வரவேண்டும். வரவில்லை. வலது காதுக்குள் எங்கோ சளக் சளக் என்று தேய்ந்துகொண்டிருந்தன. ஒருவேளை இடப்பக்க ஸ்பீக்கர்களிலேயே கோளாறோ என்று ஒரு நினைப்பு வந்தது. அது நினைப்பு இல்லை, ஆசை. அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கத்து ஒலியைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். ஒரு கட்டத்தில் செருப்பு கடந்து போவதுபோல் தோன்றியது. தோன்றியதா, நெஞ்சு அதிர்ந்ததா என்று பார்க்காமல் அதை அப்படியே சேமித்துவிட்டு எழுந்துபோய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் விருந்தினர்கள் வந்தார்கள். ஒருவர் உயரமான மனிதர், இன்னொருவர் எதற்கும் புன்னகைக்கிற இளம்பெண். மேடமும் அவர்களோடு நாற்காலியில் அமர்ந்தார். கலைக்கூடத்து ஒலிப் பொறியாளரும் சோதனைகளில் உதவுகிற பெண்கள் இருவரும் சுவரோரமாக நின்றார்கள். விளக்கு அணைந்தது. பீரோ இழுபட்டது, பாய் சுருண்டது. சமையலறைப் பாத்திரங்கள் வந்ததும் இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம்பெண் திடுக்கிட்டுக் காதைப் பொத்தினாள். பாத்திரங்கள் அவள் மடியில் விழுந்தாற்போல் இருந்திருக்க வேண்டும். வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கடைசியில் வந்த ரப்பர் செருப்பு நடக்கவில்லை, அறைந்தது. பெருமூச்சு எங்கோ ஓரத்தில் கரைந்துபோனது. இதெல்லாம் அவளுக்குப் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. அப்போது அவளுக்குத் தெரிந்தது, விளக்கு எரிந்தபோது பார்த்த முகங்கள் மட்டும்.

ஏதாவது தொழில்நுட்பக் கோளாறா என்று உயரமான மனிதர் மரியாதையாகக் கேட்டார். மேடம் அவளைப் பார்த்தார். தம்பி கணினிக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த நேரத்தில் அவளுக்கு எத்தனையோ பதில்கள் இருந்தன. ஆமாம், கோளாறு, மன்னியுங்கள் என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாம். எங்கே தவறு என்று பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். சும்மா இருந்திருந்தால்கூடப் போதும். ஆனால் ‘காது’ என்ற சொல் யார் வாயிலிருந்தும் வந்துவிடக்கூடாது என்ற பதைப்பு அவளைப் பிடித்து உந்தியது.

“தம்பி வயரை மாத்திப் போட்டிருக்கான். இந்தப் பக்கத்து லெவலை ஒவ்வொரு தடவையும் பாருடான்னு சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு. சொந்தக்காரங்களை வேலைக்கு வச்சா இப்படித்தான்.”

கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். உயரமான மனிதரும் ஒப்புக்குச் சிரித்தார். தம்பி ஒரு நொடி அவளைப் பார்த்தான். பிறகு விருந்தினர்கள் பக்கம் திரும்பி, “தப்பு என்னுதுதான். மன்னிச்சுக்குங்க” என்றான்.

வாய் கூசாமல் சொல்லிவிட்டாள் என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். கூசியது. சொல்லும்போதே கூசியது, சொல்லாமல் இருக்கத்தான் தைரியம் வரவில்லை.

அதைவிடக் கொடுமை அடுத்த நாள். தம்பி காலையிலேயே வந்து எல்லா வயரையும் கழற்றி ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தான். சுவரோரமாகத் தரையில் குந்தி, வயரின் இரண்டு முனையையும் பிடித்து மீட்டரில் வைத்துப் பார்த்து, சரியாக இருந்ததை நம்பாமல் மறுபடியும் வைத்துப் பார்த்தான். அவள் நினைத்தது, அவனுக்கு எல்லாம் தெரியும், அக்காவைக் காப்பாற்றத்தான் பழியை ஏற்றுக்கொண்டான் என்று. அப்படி இல்லை. அவன் உண்மையிலேயே தான்தான் எங்கோ பிசகிவிட்டதாக நம்பினான். ஒன்றும் தப்பாக இல்லையே அக்கா, எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை என்று அண்ணாந்து பார்த்துச் சொன்னான். அவன் கண்கள் தூங்காமல் சிவந்திருந்தன.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேடம் உள்ளே வந்து அவளைத் தனியே அழைத்துப் போனார். விருந்தினர்கள் முடிவு சொல்லவில்லை, அரங்கேற்றத்தை இன்னொரு தடவை வந்து கேட்பதாகச் சொன்னார்கள். அதுவரை இனி விளையாட முடியாது, கலைக்கூடத்து ஒலிப் பொறியாளரையே கணினியில் உட்காரவைக்கலாம், உங்கள் தம்பி உதவிக்கு இருக்கட்டும், உங்களுக்குச் சம்மதம்தானே என்று கேட்டார். அவர் அவள் வலப்பக்கம் நின்று கேட்டார். கேட்கவில்லை என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. அவள் சம்மதம் என்றாள்.

தம்பி அதைக் கேட்டுக்கொண்டு மீட்டரைப் பெட்டியில் வைத்தான். மாடியறைக்குப் போனவன் இரண்டு வேளை சாப்பிட இறங்கி வரவில்லை. தலைவலி என்றான்.

அவள் சரியாகத் தூங்குவதில்லை என்று கணவர் கவனித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, காய்கறி வாங்கிக்கொண்டு இருவரும் நடந்து வரும்போது, அவர் பையைத் தோள் மாற்றிக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்:

“ரெண்டு மூணு வாரமா நான் உன் வலப்பக்கமாத்தான் நடக்கறேன். கவனிச்சியா?”

அவள் நின்றுவிட்டாள்.

“இடப்பக்கம் நின்னு பேசினா உனக்குக் கேக்கலை. நீ போனை எந்தக் காதுல வைக்கறேன்னு பார்த்தேன். மேசைல மாத்திரை இருந்துச்சு. நீயே சொல்லுவேன்னு இருந்தேன்.” கொஞ்ச தூரம் நடந்தபின், “நான் சொல்றதை இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடறதுக்குக்கூட இனிமே உனக்கு வழியில்லை பாரு” என்றார்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தெருவோரத்தில் மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எல்லாவற்றையும் என்றால், காதைப் பற்றிய எல்லாவற்றையும். கணவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தம்பிக்கு இது தெரியும்தானே என்று கேட்டார். இப்போது சொல்லிவிட முடியும் என்று அவளுக்குத் தெரிந்தது. கடைப்படியும் வெயிலும் கைக்கெட்டும் தூரத்தில் கணவரும் இருந்தார்கள். அவள் ‘ம்’ என்றாள்.

அந்த ‘ம்’ இரண்டு நாள் தாங்கியது. செவ்வாய்க்கிழமை மாலை கணவர் மாடிக்குப் போய்த் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் காது போனதில் நீயும் இடிந்துபோய்விட்டாயா மாப்ளே, அவள் சமாளித்துக்கொள்வாள், நீ சாப்பிட வா என்று, நல்ல மனசோடு, ஆறுதலாகச் சொல்லியிருக்கிறார்.

அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது தம்பி கூடத்தில் உட்கார்ந்திருந்தான். கணவர் அவனுக்கு எதிரே, என்ன சொல்லிவிட்டோம் என்று புரியாமல், கையைப் பிசைந்துகொண்டிருந்தார். தம்பியின் மடியில் கணினி திறந்திருந்தது. அவள் சேமித்த கோப்பு அதில் இருந்தது. யார், எப்போது மாற்றினார்கள் என்று எல்லாக் கோப்பிலும் பதிவாகும். அவன் இத்தனை நாளும் அதைத் திறந்தே பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருந்திருக்கும்.

“அன்னைக்கு முதல் பாத்திரம் விழும்போதே எனக்குத் தெரிஞ்சுது, இடப்பக்கம் ரொம்ப அதிகம்னு” என்றான். “கை வைக்கப் போனேன். நீ சும்மா உட்கார்ந்திருந்தே. நீயே பேசாம இருக்கறப்ப எனக்குத்தான் தப்பாக் கேக்குதுன்னு நினைச்சேன். கையை எடுத்துட்டேன்.”

அவள் எதிரே நின்றாள். உட்காரத் தோன்றவில்லை.

“இத்தனை நாளா என் காதுல ஏதோ கோளாறுன்னு நான் நினைச்சுட்டிருக்கேன் அக்கா. நாளைக்கு டாக்டர்கிட்டப் போறதா இருந்தேன்.”

இதைக் கேட்டதும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மன்னித்துவிடு என்ற வார்த்தை தொண்டைவரை வந்து, எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்து, உள்ளேயே நின்றுவிட்டது. பயந்துட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

“காது போனது வெக்கமா? அது யாருக்கும் வரும். என்கிட்டச் சொல்லியிருந்தா நான் உனக்குக் காதா இருந்திருப்பேன். அதுக்குத்தானே வேலையை விட்டுட்டு வந்தேன்.” கணினியை மூடினான். “சொந்தக்காரங்களை வச்சா இப்படித்தான்னு சொன்னே பாரு. அது சரிதான்.”

எழுந்து மாடிக்குப் போய்விட்டான். கணவர் அவளைப் பார்க்கவில்லை. அவர் அடுப்படிக்குப் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். கடைப்படியில் அவள் சொன்ன ‘ம்’ அவருக்கும் இப்போது புரிந்திருந்தது.

காலையில் அவள் முதல் ஆளாகக் கலைக்கூடத்துக்குப் போனாள். மேடம் வந்ததும், ஒலிப் பொறியாளரையும் சோதனைகளில் உதவுகிற பெண்கள் இருவரையும் கூப்பிடச் சொன்னாள். அன்று யார் யார் முன்னால் சொன்னாளோ அவர்கள் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் தீர்மானித்திருந்தாள். சொற்களையும் அடுக்கி வைத்திருந்தாள். சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் கலைந்துவிட்டது. இடது காது கேட்காது, மாதமாகிறது. ஒலியைக் கூட்டியது நான். தம்பி எதையும் தொடவில்லை. தெரிந்தே பழியை அவன்மேல் போட்டேன். இவ்வளவையும் மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பெரிய அமைதி ஒன்று வரும் என்று நினைத்திருந்தாள். அப்படியும் இல்லை. பெண்களில் ஒருத்தி ‘ஐயோ’ என்று அவள் கையைப் பிடித்தாள், அது காதுக்காக. பொறியாளர் தரையைப் பார்த்தார். மேடம் மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காது விஷயத்துல எங்களால முடிஞ்சதைச் செய்வோம்” என்றார். “இன்னொண்ணை நீங்கதான் செய்யணும். விழாக்காரங்களுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்.”

தொலைபேசியில் பேசுவது நேரில் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. உயரமான மனிதர் பொறுமையாகக் கேட்டார். காதைப் பற்றி வருத்தம் தெரிவித்தார். பிறகு, அப்படியானால் அந்த இளைஞர் எதற்கு மன்னிப்புக் கேட்டார் என்று கேட்டார். அவர் குற்றம் சாட்டவில்லை, புரியாமல் கேட்டார். அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

தம்பியை மறுபடி கணினியில் உட்காரவைப்பதற்கு மேடமே வீட்டுக்கு வந்து பேசினார். அவன் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டான். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தான்: ஓசை எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தான்தான் முடிவு செய்வேன், அக்கா குறுக்கே வரக்கூடாது. அதை அவளிடம் நேராகச் சொல்லவில்லை. மேடம் வழியாகச் சொன்னான்.

அடுத்த வாரமெல்லாம் அவள் வட்ட அறையின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவன் வேலை செய்வதைப் பார்த்தாள். பீரோ இழுபடும் இடத்தைச் சற்றுத் தள்ளி வைத்தான். பாத்திரச் சத்தத்தைத் தாழ்த்தி, அதற்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் சொட்டுவதை மெல்லக் கொண்டுவந்தான். அது நன்றாக இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் உரிமையில்லை. சோதனைக்கு வந்தவர்கள் குச்சியை நீட்டுவதை மட்டும், இருட்டிலும் படம்பிடிக்கிற கேமராவின் திரையில் பார்த்தாள். குச்சிகள் அவன் வைத்த இடத்துக்குப் போயின.

அரங்கேற்றத்தன்று மாலை அறை நிறைந்திருந்தது. விருந்தினர்கள் இருவரும் வந்திருந்தார்கள். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கதவிடுக்கில் கசிந்த மெல்லிய வெளிச்சத்தில் முன்னால் இருந்தவர்களின் தலைகள் கறுப்பாகத் தெரிந்தன. அவளுக்கு எல்லாம் வழக்கம்போல் வலப்பக்கத்திலிருந்தே வந்தன; பீரோவும் பாயும் பாத்திரமும் ஒரே மூலையில் குவிந்து கிடந்தன. வீடு காலியாகிக்கொண்டு வந்தது. செருப்புச் சத்தம் தொடங்கியது. அப்போது முன்வரிசைகளில் ஒவ்வொரு தலையாக இடப்பக்கம் திரும்புவதைப் பார்த்தாள். பிறகு அவை பின்னால் திரும்பின. ஒரு பெண்மணி யாரோ வருகிறார் என்றே நினைத்து நாற்காலியைச் சுழற்றினாள். பிறகு தலைகள் வலம் வந்து நின்றன. பெருமூச்சு கேட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

தான் செய்த இசையை அவள் அன்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அது நன்றாக இருந்தது. அதில் அவளுக்குப் பெருமை வரவில்லை. எல்லோரும் கைதட்டியபோது கையை மடியிலேயே வைத்திருந்தாள். மேடம் முன்னால் வரும்படி சைகை செய்தார். அவள் எழுந்துபோய், தம்பி இருந்த பக்கம் கையைக் காட்டிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். அவன் எழுந்து நின்று கைகூப்பினான். அவளைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று இருந்ததாகவும் தெரியவில்லை. கணினித் திரையில் எதையோ கவனித்துக்கொண்டிருந்தான்.

விழாக்காரர்கள் ‘வீடு மாற்ற’த்தை அழைத்தார்கள். தம்பியைத் தனியாகவும் அழைத்தார்கள், தங்கள் ஊரில் ஒரு வருஷம் தங்கி வேலை செய்ய. அவன் இரண்டுக்கும் சரி என்றான்.

கிளம்புகிற அன்று காலை அவள் மாடியறைக்குப் போனாள். அவன் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் வாசற்படியிலேயே நின்று, அன்று தொண்டையில் நின்றுபோனதை இப்போது சொன்னாள். சின்னதாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

அவன் ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

“கோபம் போயிடுச்சுக்கா. நம்பிக்கைதான் இன்னும் வரலை. வர்றப்ப வரட்டும்.”

பிறகு, பெட்டியின் மறுபக்கத்தைப் பிடிக்கச் சொன்னான். இருவருமாகத் தூக்கிக்கொண்டு குறுகலான படிகளில் இறங்கினார்கள். கனமாக இருந்தது. கீழே கணவர் வாடகைக் கார்க்காரரிடம் பேசிக்கொண்டு நின்றார். திருப்பத்தில் தம்பி ஏதோ சொன்னான். அவளுக்குச் சரியாக விழவில்லை.

“என்னடா? கேக்கலை” என்றாள்.

பல வாரங்களாக அவள் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. அவன் நின்று, பெட்டியின் தன் பக்கத்தைப் படியில் இறக்கி வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் பார்த்து இறங்கு, இடிக்கும் என்று மறுபடி, கொஞ்சம் உரக்கச் சொன்னான். அவள் பார்த்து இறங்கினாள்.